விஎஸ்டி3 பிளகின் கம்பைல் ஆகிறது, ஆனால் கடைசிப் படியில் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று நிற்கிறது: உதவி தேவை

கேள்வி (ஒலியலை):

வணக்கம். ஒலி நிரல்கள் எழுத உதவும் ஜூஸ் 8 கொண்டு ஒரு ரிவர்ப் (எதிரொலிப்பு) பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் (ஹோஸ்ட்) ஏற்றப்படும் துணை நிரல், விஎஸ்டி3 வடிவத்தில் எழுதி வருகிறேன். இயங்குதளம் உபுண்டு 24.04, பில்டு கருவி சிமேக் 3.28, கம்பைலர் ஜிசிசி 13. தொடக்கத்தில் சிமேக், ஜூஸின் துணைக் கருவியான ஜூஸ்எய்டைக் கட்டும் இடத்திலேயே நின்றுவிட்டது. அல்சா, ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், எக்ஸ்11 ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்களை நிறுவியதும் அது தீர்ந்தது.

இப்போது எல்லாக் கோப்புகளும் பிழையின்றி கம்பைல் ஆகின்றன. அவற்றை இணைக்கும் லிங்கரும் முணுமுணுக்காமல் எஸ்ஓ கோப்பை (ஷேர்டு லைப்ரரி) உருவாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஜூஸ் விஎஸ்டி3 ஹெல்பர் என்ற சிறு நிரல் ஓடும்போதுதான் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ (வரையறை கிடைக்காத பெயர்) என்று பில்டு முறிகிறது. பிழையில் காட்டப்படும் பெயர் விசித்திரமாக இருக்கிறது: அடிக்கோடு, பெரிய இசட், 10 என்ற எண், அதை ஒட்டி ஆர்வி_ப்ராசஸ், இறுதியில் பி, எஃப், ஐ என்ற மூன்று எழுத்துகள். ஆர்வி_ப்ராசஸ் என்பது ரிவர்ப் கணக்கைச் செய்யும் ஃபங்ஷன். பிளகினின் விவரக் கோப்பை (மேனிஃபெஸ்ட்) தானாக எழுதவைக்கும் விஎஸ்டி3 ஆட்டோ மேனிஃபெஸ்ட் விருப்பத்தை அணைத்ததும் பில்டு முடிந்துவிட்டது. ஆயினும் ஹோஸ்டின் பட்டியலில் பிளகின் தோன்றவில்லை. எங்கே தேடுவது?

மறுமொழி (நிரல்வழி):

பெரும்பாலும் அந்த ஃபங்ஷன் உள்ள கோப்பு சிமேக்கில் கம்பைல் செய்ய வேண்டிய கோப்புகளைக் குறிக்கும் டார்கெட் சோர்சஸ் பட்டியலில் விடுபட்டிருக்கும். சிமேக் கோப்புறையில் இருப்பதையெல்லாம் தானாக எடுத்துக்கொள்ளாது. மேனிஃபெஸ்ட் விருப்பத்தை மீண்டும் இயக்கிவிடுங்கள். அந்த ஹெல்பர் மேனிஃபெஸ்ட் எழுதுவதற்காக உங்கள் பிளகினை ஒரு ஹோஸ்ட் ஏற்றுவதைப் போலவே ஏற்றிப் பார்க்கிறது. அதனால் ஏற்ற முடியாததை ஹோஸ்டும் ஏற்றாது. அதை அணைத்தால் செய்திதான் மறையும், நோய் அப்படியே இருக்கும்.

ஒலியலை:

நன்றி. பட்டியலில் கோப்பு இருக்கிறது. அது கம்பைல் ஆவதையும் பில்டு வெளியீட்டில் பார்க்கிறேன். பழைய ப்ராஜெக்ட் ஒன்றிலிருந்து எடுத்த சி கோப்பு அது, மற்றவை எல்லாம் சி பிளஸ் பிளஸ். விஎஸ்டி3 வடிவத்தை மட்டுமே கட்டுகிறேன்.

மறுமொழி (இணைப்பான்):

விடை உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே இருக்கிறது. பிழையில் வரும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்: 10 என்பது ஃபங்ஷன் பெயரின் ஆங்கில எழுத்து எண்ணிக்கை, பி எஃப் என்பது ஃப்ளோட் பாயின்டர், ஐ என்பது இன்ட். ஆர்க்யூமென்ட் வகைகளைப் பெயரோடு சேர்த்துக் குறியிடுவது சி பிளஸ் பிளஸ் கம்பைலரின் வழக்கம். சி கம்பைலர் அப்படிச் செய்யாது. ஆகவே உங்கள் சி பிளஸ் பிளஸ் ப்ராசஸர் கோப்பு குறியிட்ட பெயரைத் தேடுகிறது, சி கோப்பு கம்பைல் ஆகி வந்த ஆப்ஜெக்ட் கோப்பிலோ வெறும் பெயர்தான் இருக்கிறது. பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கட்டளையை அந்த ஆப்ஜெக்ட் கோப்பின் மேல் ஓட்டினால் கண்ணாலேயே காணலாம்.

அந்த ஃபங்ஷனை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் உள்ள அறிவிப்புகளை, பெயரைக் குறியிடாமல் விடச் சொல்லும் எக்ஸ்டர்ன் சி தொகுதிக்குள் வையுங்கள். அந்தத் தொகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் சி பிளஸ் பிளஸ் கம்பைலர் மட்டும் வரையறுக்கும் சிபிளஸ்பிளஸ் மேக்ரோவைச் சோதிக்கும் இஃப்டெஃப் நிபந்தனைக்குள் இடுங்கள். இல்லையெனில் சி கம்பைலர் அதே ஹெடரைப் படிக்கும்போது தடுமாறும்.

லிங்கர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. லினக்ஸில் ஒரு ஷேர்டு லைப்ரரியை உருவாக்கும்போது, விடுபட்ட பெயர்கள் ஏற்றப்படும் வேளையில் வேறிடத்திலிருந்து கிடைக்கலாம் என்று கருதி லிங்கர் அவற்றை அனுமதித்துவிடுகிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இதே பிழை லிங்க் செய்யும்போதே வெடித்திருக்கும். லினக்ஸிலும் நேரடியாக ஓடும் எக்ஸிக்யூட்டபிளுக்கு இந்தச் சலுகை இல்லை. எனவே ஹோஸ்ட் இன்றித் தனியே ஓடும் ஸ்டாண்டலோன் வடிவத்தையும் சேர்த்துக் கட்டினால் எந்தக் கோப்பு எதைத் தேடுகிறது என்பது உடனே தெரியும். என் கருத்தில், வெளியிடும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஸ்டாண்டலோனை எப்போதும் கட்டிக்கொள்வது நல்லது. பிழை தேடும் டீபக்கரை இணைப்பதற்கும் அதுவே எளிது.

ஒலியலை:

எக்ஸ்டர்ன் சி சேர்த்தேன், மேனிஃபெஸ்ட்டையும் மீண்டும் இயக்கினேன். பில்டு முழுமையாக முடிந்தது. கட்டியதும் பிளகினை நகலெடுக்கும் காப்பி பிளகின் ஆஃப்டர் பில்டு விருப்பம் இயக்கத்தில் இருப்பதால், ஹோம் கோப்புறையில் உள்ள புள்ளி விஎஸ்டி3 அடைவில் புதிய கோப்பும் வந்துவிட்டது. ஆயினும் ஹோஸ்ட் இன்னும் காட்டவில்லை. அதோடு, லிங்கரையே கண்டிப்பாக நடந்துகொள்ளச் செய்ய வழி உண்டா?

இணைப்பான்:

ஏற்ற முடியாமல் போன பிளகின்களைப் பல ஹோஸ்ட்கள் தோல்விப் பட்டியலில் குறித்துவைத்து, அடுத்த ஸ்கேனில் அவற்றைத் தொடுவதே இல்லை. பிளகின் அமைப்புகளில் அந்தப் பட்டியலை அழித்துவிட்டு முழு ஸ்கேன் செய்யுங்கள்.

விடுபட்ட பெயர் இருந்தால் பிழை காட்டச் செய்யும் நோ அன்டிஃபைன்ட் என்ற விருப்பம் லிங்கருக்கு உண்டு. சிமேக்கின் டார்கெட் லிங்க் ஆப்ஷன்ஸ் வழியாக, உங்கள் பிளகின் பெயரோடு விஎஸ்டி3 என்ற பின்னொட்டு கொண்ட டார்கெட்டுக்கு அதைக் கொடுங்கள். கிளாங் கம்பைலரில், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசருடன் கட்டும்போது மட்டும் அதை நீக்கிவிட வேண்டும், ஏனெனில் சானிட்டைசரின் பெயர்கள் ஹோஸ்ட் பக்கமிருந்து வர வேண்டியவை. ஏற்கெனவே கட்டிய எஸ்ஓ கோப்பைச் சோதிக்க, எல்டிடி கட்டளையை ஆர் விருப்பத்தோடு ஓட்டினால் போதும், விடுபட்ட பெயர்களைக் காட்டிவிடும்.

ஒலியலை:

தோல்விப் பட்டியலை அழித்தவுடன் பிளகின் வந்துவிட்டது, ஒலியும் கேட்கிறது. நோ அன்டிஃபைன்டையும் சேர்த்துவிட்டேன். இழையைத் ‘தீர்ந்தது’ எனக் குறிக்கிறேன்.