ஏலம் எடுத்தவர் பணம் கட்டவில்லை; அடுத்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். என்ன செய்வது?

வண்ணை வால்வு (கேள்வி)

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். அப்பா வால்வு ரேடியோ பழுது பார்த்தவர். அவர் பரணில் விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, சரிசெய்து, இணைய ஏலத்தில் விற்று வருகிறேன். தொழில் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பெட்டிக்குப் பத்துப் பதினைந்து நாள் உழைப்பு போகிறது.

போன செவ்வாய் இரவு 9 மணிக்கு ஒரு மர்பி ரேடியோவின் ஏலம் முடிந்தது. மரப்பெட்டி, முன்கண்ணாடியில் கீறல்கூட இல்லை. நிலையம் சரியாக விழுந்ததும் பச்சைக் கண் (நிலையம் விழுந்ததைக் காட்டும் சிறு விளக்கு) கூடி வரும் அழகை வீடியோ எடுத்துப் போட்டிருந்தேன். 2,000 ரூபாயில் தொடங்கி, 100 ரூபாய் ஏற்றம். மூன்று பேர் கேட்டார்கள். ஒருவர் 4,200இல் நின்றுவிட்டார். இன்னொருவர் 7,650 வரை வந்தார். எடுத்தவர் 7,750.

எடுத்தவர் அன்றிரவே “காலையில் அனுப்புகிறேன்” என்றார். மறுநாள் “சம்பளம் வரட்டும்”. வெள்ளிக்கிழமை “வீட்டில் பழைய சாமான் வேண்டாம் என்கிறார்கள், மன்னிக்கவும்”. அதோடு சரி, பிறகு பதிலே இல்லை. இரண்டு மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

இரண்டாமவருக்கு எழுதினேன், அவர் கேட்ட 7,650க்கே தருகிறேன் என்று. “4,300 என்றால் எடுத்துக்கொள்கிறேன். விலையை ஏற்றிவிட்டவர் உங்கள் ஆளா என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்கிறார். எனக்கோ இவர்கள் இருவரும் பேசிவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறார்களோ என்று தோன்றுகிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

மின்ட் தெரு

அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் இங்கே போடுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து தடுத்து வைப்போம்.

பெரம்பூர் நாணயம்

வேண்டாம். பணம் கட்டாதவர் அவர், வம்பில் மாட்டப்போவது நீங்களா? உங்கள் கணக்கில் அவரைத் தடுத்து வையுங்கள், போதும்.

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள். முந்தைய இரண்டு ஏலங்களை எந்தக் காரணம் காட்டி ரத்து செய்தீர்கள்?

வண்ணை வால்வு

முதல் தடவை “பொருள் கையிருப்பில் இல்லை” என்பதை அழுத்திவிட்டேன் அக்கா. சீக்கிரம் முடியட்டும் என்றுதான்.

பெரம்பூர் நாணயம்

நினைத்தேன். அப்படி அழுத்தினால் குற்றம் உங்கள் தலையில் ஏறும். விற்பவரின் மதிப்பெண் இறங்கும், தரகுத் தொகை திரும்பி வருவதும் சிக்கலாகும். “வாங்கியவர் பணம் செலுத்தவில்லை” என்ற காரணத்தைத்தான் காட்ட வேண்டும். ஈபேயில் 4 நாள் காத்திருந்து அப்படி ரத்து செய்யலாம். உங்கள் தளத்தின் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அது முடிந்ததும் செய்யுங்கள். அதற்கு முன்னால் பரிதாபப்பட்டு எதையும் அழுத்தாதீர்கள்.

காசிமேட்டுக் காற்று

என் மாமா மீன் ஏலம் விடுகிறவர். விடிவதற்குள் கூடை கைமாறிவிடும். கேட்டுவிட்டு எடுக்காமல் போனவன் மறுநாளும் வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவன் தொண்டை கிழியக் கத்தினாலும் ஏலக்காரர் காதில் விழாது. ஒரு தரம், இரண்டு தரம் என்று பக்கத்தில் நிற்பவன் பக்கம் திரும்பிவிடுவார். அங்கே முகம்தான் ஜாமீன். இணையத்தில் முகம் ஏது? ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு புதிய ஆள் பிறந்துவிடுகிறான்.

அரசு ஏல அறிவிப்புகளைப் பாருங்கள். டேவணித் தொகை, அதாவது முன்பணம், கட்டியவர்தான் ஏலத்திலேயே கலந்துகொள்ள முடியும். அதுபோல ஏதாவது செய்யுங்கள்.

இரண்டாமவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 7,650 என்று அவர் வாயால் கேட்டார். கேட்ட வாய் கேட்டதுதான்.

பாரிமுனைக் குமாஸ்தா

நான் வக்கீல் அல்ல, வக்கீல் அலுவலகத்தில் கட்டு தூக்குகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்கு உதவாது. அது வாங்குகிறவருக்கானது, நீங்கள் விற்றவர். உங்கள் விவகாரம் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் வருகிறது. அதன் 64ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே இருக்கிறது. சுத்தியல் விழும்போதோ வேறு வழக்கமான முறையில் அறிவிக்கும்போதோ விற்பனை முடிகிறது, அதுவரை கேட்டவர் பின்வாங்கலாம் என்கிறது. இணையத்தில் கடிகாரம் நின்றால் சுத்தியல் விழுந்ததாகக் கொள்வதா என்பதற்குத் தளத்தின் விதிகளைப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அதில் எழுதியிருப்பார்கள்.

அடுத்து 54ஆம் பிரிவு. வேறொருவருக்கு விற்பதற்கு முன் முதலாமவருக்கு “இன்ன நாளுக்குள் பணம் வராவிட்டால் மறுவிற்பனை செய்வேன்” என்று தெரிவித்துவிடுங்கள். தெரிவித்தால்தான் விலை வித்தியாசத்தை அவரிடம் நஷ்டமாகக் கேட்க முடியும். 4,300க்கு விற்றால் வித்தியாசம் 3,450 ரூபாய். அதற்காக வழக்குப் போடுவீர்களா என்றால், எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனாலும் அந்த நான்கு வரியை எழுதி அனுப்புங்கள். செலவில்லை.

இரண்டாமவரின் சந்தேகத்தையும் சட்டம் அறியும். விற்பவர் பொய்யாக ஆள் வைத்து விலை ஏற்றினால், வாங்கியவர் அந்த விற்பனையை வேண்டாம் என்று தள்ளிவிடலாம். அதனால் அவர் கேட்டதில் கோபப்பட ஒன்றுமில்லை.

வண்ணை வால்வு

நான் ஆள் வைப்பவனா? அப்பா ஒரு ரெசிஸ்டருக்குக்கூடக் கூடுதலாக வாங்கியதில்லை.

பெரம்பூர் நாணயம்

உங்கள் அப்பாவை அவருக்குத் தெரியாதே தம்பி.

கூட்டு என்கிறீர்களே, அது நடப்பது வேறு மாதிரி. ஒருவன் குறைந்த விலைக்குக் கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவன் கூட்டாளிகள் இருவர் ஒருவரை ஒருவர் மிஞ்சி விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோவார்கள். மற்றவர்கள் பயந்து ஒதுங்குவார்கள். முடிவில் இரண்டு பேரும் கழன்றுகொள்வார்கள், பொருள் மலிவாக ஓரமாக உட்கார்ந்திருந்தவன் கைக்குப் போகும். அந்தக் கணக்குப்படி நீங்கள் சந்தேகிக்க வேண்டியவர் 4,200காரர். அவர் உங்களுக்கு எழுதினாரா?

வண்ணை வால்வு

இல்லை. நான்தான் கேட்டேன், வேறு ரேடியோ வாங்கிவிட்டாராம்.

பெரம்பூர் நாணயம்

அப்படியென்றால் நாடகமில்லை. ஓடிப்போனவர் ஏலத்துக்கே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,200க்கு மேல் ஒரு ஏற்றம், 4,300. அந்த விலைக்கு இரண்டாமவர் நேராகவே எடுத்திருப்பார். ஒரு கூட்டாளியைக் கூட்டிவந்து தன் விலையைத் தானே ஏற்றிக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா?

7,650 என்பது அவர் தளத்தில் எழுதிவைத்த உச்சவரம்பு. எதிராளி ஏற்ற ஏற்ற, அதுவரை தளமே அவருக்காகக் கேட்டுக்கொண்டு போகும். அங்கே தள்ளியது கொடுக்கப்போகாத ஒருவரின் கை. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அவர் கேட்பது நியாயம். எனக்கும் கசப்பாகத்தான் இருந்தது, ஒரு செப்புக் காசு விஷயத்தில் இதையே அனுபவித்தேன்.

காசிமேட்டுக் காற்று

அக்கா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓடிப்போனவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ரேடியோ அவருக்கு 7,650 பெறும் என்றுதானே எழுதினார்? பாதியிலாவது சந்திக்கட்டும். 6,000 கேளுங்கள்.

பெரம்பூர் நாணயம்

கேட்கட்டும். தப்பில்லை. மறுத்தால் மறுபடி ஏலத்துக்கு விடலாம், ஆனால் “திரும்பி வந்த பொருள்” என்று தெரிந்ததும் கேட்பவர்கள் குறைவார்கள்.

அடுத்த ஏலத்துக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். விவரத்தின் முதல் வரியிலேயே “48 மணி நேரத்தில் பணம், இல்லையென்றால் ரத்து” என்று எழுதிவிடுவேன். பணம் கட்டாமல் போன வரலாறு உள்ளவர்களை முன்கூட்டியே தடுக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மாலை முடியும்படி வைப்பேன். நள்ளிரவில் ஆசையில் கேட்டவர்களுக்கு விடிந்ததும் புத்தி வந்துவிடுகிறது. விலை தெரிந்த பொருளை ஏலத்துக்கே விடுவதில்லை, நேர்விலை போட்டுவிடுகிறேன்.

மின்ட் தெரு

இன்னொன்று. “பணம் அனுப்பிவிட்டேன், இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்” என்று எவராவது சொன்னால் போனைக் கீழே வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

வண்ணை வால்வு (ஆறு நாள் கழித்து)

முதலாமவருக்கு நான்கு வரி அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. கெடு முடிந்ததும் சரியான காரணத்தைக் காட்டி ரத்து செய்தேன், தரகுத் தொகை திரும்பிவிட்டது.

இரண்டாமவரிடம் காசிமேட்டு அண்ணன் சொன்னபடி 6,000 கேட்டேன். மறுத்தார். ஏலத்தில் யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பட்டியலைப் படம் எடுத்து அனுப்பி, அக்கா சொன்ன கணக்கை நானே எழுதி, 4,300 என்றேன். பார்சல் செலவு தன்னுடையது என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் பணம் போட்டுவிட்டார். வேலூர்க்காரர். அவர் கேட்ட 7,650க்கும் இதற்கும் இடையிலுள்ள 3,350 ரூபாய் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது, மறைக்கவில்லை.

நாளை கட்ட வேண்டும். வால்வுகளை அதிலேயே விட்டு அனுப்பலாமா?

காசிமேட்டுக் காற்று

அந்த விலைக்கா! சரி, உங்கள் பொருள்.

பாரிமுனைக் குமாஸ்தா

கழற்றிவிடுங்கள். எது எந்தக் குழியில் இருந்தது என்று ஒரு தாளில் வரைந்து உள்ளே வையுங்கள். அடியிலுள்ள சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) திருகுகளை இறுக்கிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மர் கனம். திருகு தளர்ந்திருந்தால் லாரி குலுக்கலில் முன்னால் நகர்ந்து கண்ணாடியை உடைத்துவிடும். எங்கள் வீட்டு ரேடியோ அப்படித்தான் போனது.