நெரிசல் ரயில் அனுபவங்கள்: ஜப்பானிலும் அமெரிக்காவிலும்

2018-இல் டோக்கியோவின் நிஷி கசாய்க்குக் குடிபோனேன். நம்மவர்கள் நிறைய இருக்கும் பகுதி. காலை எட்டு மணிக்கு தோசாய் லைன் மெட்ரோ ரயிலில் ஏறி ஒத்தேமாச்சி போக வேண்டும். வழியில் கிபா, மொன்ஸென் நகாச்சோ ஸ்டேஷன்களுக்கு நடுவில், கொரோனாவுக்கு முந்தைய கணக்கில், நெரிசல் 199 சதவீதம். 100 என்றால் எல்லோருக்கும் சீட்டோ கைப்பிடியோ உண்டு. 180 என்றால் செய்தித்தாளை மடித்துப் படிக்கலாம். 200-இல் உடம்போடு உடம்பு அழுந்தும்.

முதல் வாரம் ஒருநாள் கைப்பிடியைத் தேடித் தூக்கிய கையை கயாபாச்சோ வரும்வரை இறக்க முடியவில்லை. அத்தனை கூட்டத்திலும் பேச்சுச் சத்தமே கிடையாது. பையை எல்லோரும் முன்பக்கம் மாட்டியிருந்தார்கள். கதவோரம் நின்றவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தாங்களே இறங்கி ஒதுங்கி, மற்றவர்கள் இறங்கியதும் மறுபடி ஏறினார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் நியூயார்க், ஜாக்சன் ஹைட்ஸ். அங்கே 'ஈ' (E) என்ற சுரங்க ரயிலிலும் காலையில் கூட்டம்தான். ஆனால் கதவருகே பிதுங்கும், பெட்டியின் நடுவில் இடம் கிடக்கும். உள்ளே நகர யாருக்கும் மனசு வராது. 2019 கணக்கைப் பாருங்கள்: டோக்கியோ மெட்ரோவின் சுமார் 195 கிலோமீட்டரில் தினம் 75 லட்சம் பேர், நியூயார்க்கின் சுமார் 400 கிலோமீட்டரில் வேலைநாளில் 55 லட்சம் பேர். ஒரு கிலோமீட்டருக்கு டோக்கியோவில் இரண்டரை மடங்குக்கும் மேல். இருந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்ப ரயில் இருந்தது நியூயார்க்கில்தான். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டினால் டாக்ஸிதான்.

* * *

இது இன்னொருவரின் அனுபவம்: நான் ஒசாகாவில் மூன்று வருஷம் இருந்தேன், இப்போது லாஸ் ஏஞ்சலஸ். ஒசாகாவின் மிதோசுஜி மெட்ரோ லைன் 1933-இல் தொடங்கியபோது ஓடியது ஒற்றைப் பெட்டி ரயில். ஆனால் பிளாட்பாரத்தை அப்போதே பல பெட்டிகள் நிற்கும் நீளத்துக்குக் கட்டிவிட்டார்கள். இன்று பத்துப் பெட்டி, காலையில் அதுவும் போதவில்லை. உமேதாவில் இறங்கினால் நிலத்தடிக் கடைத்தெரு வழியாகவே ஆபீஸ் வந்துவிடும், மழைக்குக் குடை விரித்ததில்லை.

இங்கே நார்த் ஹாலிவுட்டில் 'பி' (B) லைன் மெட்ரோ ஏறுகிறேன். பெரும்பாலும் சீட் கிடைக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணில் படுவது பெரிய கார் பார்க்கிங். இந்த ரயில் காலியாக ஓட அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஆள் குடியிருந்தால்தானே ஏறுவார்கள்? அந்த இடத்தில் வீடுகள் கட்டும் திட்டம் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு இதே ரயிலில் ஒருநாள் நின்றுகொண்டு போக வேண்டும் என்று எனக்கு ஆசை.