மறு: மறு: எச்சமா மிச்சமா? (திங்கள் அச்சுக்குப் போகுது)

வணக்கம். உணவு வேதியியல் பாடக்குறிப்பு திங்கக்கிழமை அச்சுக்கு. லேபிள்ல சொன்னபடி மருந்தடிச்சு, பல வயல்ல அறுத்து சோதிச்சு, விளைச்சல்ல தங்கின மருந்தோட அளவுகளை வரிசையா அடுக்கி நடுவுல நிக்கறத எடுக்கறோமே, எஸ்டிஎம்ஆர் (supervised trials median residue), அதுக்குத் தமிழ் வேணும். நாள்பட சாப்பிடற கணக்குக்கு அந்த நடு அளவு, ஒரே நாள் கணக்குக்கு ஆக அதிகமா வந்த அளவுன்னு பசங்களுக்குப் புரிஞ்சிருச்சு. ஆனா 'எச்சம்'னு சொன்னாலே கடைசி பெஞ்ச் காக்கா மாதிரி கத்துது.
– க.

> காக்கா மாதிரி கத்துது

காக்காவுக்காக வள்ளுவரை விடணுமா? 674-ல 'தீயெச்சம்'ங்கறார், அணைக்காம விட்ட நெருப்பு. அஞ்சு அச்சம், மிஞ்சு மிச்சம், எஞ்சு எச்சம், எச்சிலும் அதே வேர்தான். 'நஞ்செச்சம்'னு போடுங்க.
– இரா.

ஐயா, உரக்கடைல யாரு நஞ்சு குடுங்கன்னு கேக்கறா, மருந்துதான். அதுக்காக 'மருந்து மிச்சம்'னும் போட்டுறாதீங்க, எங்கப்பா டப்பாவுல மீந்ததுன்னு நெனச்சு தேட ஆரம்பிச்சிருவார்.
– செ.

நடு அளவுக்கு நாங்கள் பள்ளிக்கூடத்திலை இடையம் எண்டுதான் படிச்சனாங்கள். தமிழ்நாட்டிலை மாதிரி 'இடைநிலை எச்சம்' எண்டு போட்டால் எச்சம் இன்னும் பாதி வழியிலை நிக்குது எண்டெல்லோ விளங்கும்.
– யோ.

இடையம் நல்லாருக்கு. இன்னொண்ணு, சந்தைல வாங்கின மாதிரிகள்ல கருவிக்குச் சிக்காததை என்னன்னு எழுதறது? 'இல்லை'ன்னா பசங்க பூஜ்யம் போட்டுடறாங்க. கருவி 0.01 மி.கி./கிலோ வரைக்கும்தான் காணும்னா அதுல பாதி, 0.005 போடறதுதான் வழக்கம், சிக்காதது 60%க்கு மேல போனா 0 வெச்சு ஒண்ணு, 0.01 வெச்சு ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு காட்டணும். 'சிக்காதது'ன்னே போடலாமா?
– க.

பாடப்புத்தகத்துல சிக்காததா? மீன்பிடி மாதிரி இருக்கு. போகட்டும், நஞ்செச்சத்துக்கு யாரும் காரணத்தோட மறுப்பு சொல்லலை, கவனிக்கவும்.
– இரா.

நேரமாச்சு, 'வயல்சோதனை இடைய எச்சம்'னு அனுப்பிட்டேன், முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் 'மருந்தெச்சம்'.
– க.

மருந்தெச்சம் ஆறாம் வேற்றுமைத்தொகையா, ஏழாவதா?
– இரா.

ஐயா அச்சுக்குப் போயிருச்சு. சிக்காததுக்கு என்னதான் போட்டீங்க?
– செ.

கோடு போட்டு விட்டுட்டேன்.
– க.