பாடியை மாட்டியதும் ஓஓ9 எஞ்சின் நின்றுவிடுகிறது – உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். குறுகிய பாதை ரயில் மாதிரிகள் செய்வதில் இப்போதுதான் இறங்கியிருக்கிறேன். வேல்ஸின் டாலிலின் ரயில்பாதை மீதுள்ள ஈடுபாட்டால் ஓஓ9 (9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் குறுகிய பாதை மாதிரி) அளவைத் தேர்ந்தெடுத்தேன். முதல் கிட் ஒரு சிறிய டேங்க் எஞ்சின். வெள்ளீயக் கலவையில் வார்த்த துண்டுகளைச் சேர்த்துப் பாடியைச் செய்து, கடையில் கிடைக்கும் ‘N’ கேஜ் (அதே 9 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் மாதிரி ரயில் வகை) சேஸிஸின், அதாவது மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டத்தின் மேல் அதைப் பொருத்த வேண்டும். சேஸிஸ் தனியாக அருமையாக ஓடுகிறது. பாடியை வைத்துத் திருகாணியை முடுக்கியதும் அசைய மறுக்கிறது. கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது. பாடியின் எடையை மோட்டாரால் இழுக்க முடியவில்லையா? தவிர, சூப்பர் குளூவால் ஒட்டிய புகைபோக்கியும் முன்பக்கத் தடுப்புக் கட்டையும் லேசாகத் தட்டினாலே கழன்று விழுகின்றன.

பதில் 1

எடை காரணமாக இருந்தால் மோட்டார் முனகும் அல்லது மெதுவாகவாவது நகரும். சிவப்பு விளக்கு எரிவது ஷார்ட் சர்க்யூட்டின் அடையாளம். ‘N’ கேஜ் சேஸிஸ்கள் பலவற்றில் உலோகச் சட்டம் இடம், வலம் என இரு பாதிகளாக இருக்கும். ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரத்தை மோட்டாருக்குக் கொண்டு செல்லும். இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் பிளாஸ்டிக் இருக்கும். உங்கள் பாடி முழுவதும் உலோகம் என்பதால், அது இரு பாதிகளையும் தொட்டாலே பாலமாகிவிடுகிறது.

எஞ்சினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இடப்பக்கச் சக்கரத்துக்கும் வலப்பக்கச் சக்கரத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். பாடி இல்லாதபோது மோட்டார் சுருளின் மின்தடை தெரியும். பாடியை மாட்டியதும் அது ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கினால் சந்தேகமே வேண்டாம். பீப் ஒலியை மட்டும் நம்பாதீர்கள், மோட்டார் சுருளின் குறைந்த தடைக்கே அது ஒலித்துவிடக்கூடும். பிறகு பாடியின் உட்புறத்தில் மார்க்கர் மையைத் தடவி, மாட்டிக் கழற்றினால், சேஸிஸ் உரசும் இடங்களில் மை அழிந்து உலோகம் பளபளக்கும். அங்கே அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகடோ காப்டன் எனும் மின்காப்பு டேப்போ ஒட்டுங்கள். வண்ணப்பூச்சை மட்டும் காப்பாக நம்ப வேண்டாம். நாளடைவில் அது உரசித் தேய்ந்துவிடும்.

பதில் 2

மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உலோகத் திருகாணி சட்டத்தின் ஒரு பாதியில் இறங்கினால், பாடி முழுவதும் அந்தப் பக்கத்து மின்சாரத்தோடு இணைந்துவிடும். தனியாக ஓடும்போது தெரியாவிட்டாலும், எதிர்ப்பக்க மின்சாரத்தோடு இணைந்த பாடியுள்ள இன்னோர் எஞ்சினின் உலோகக் கொக்கி தொட்டவுடன் ஷார்ட் ஆகும். ஆகவே நைலான் திருகாணியை முயன்று பாருங்கள்.

கழலும் துண்டுகளைப் பொறுத்தவரை, சூப்பர் குளூ அவசரத்துக்கு உதவும், ஆனால் அதன் பிடி நொறுங்கும் தன்மையுடையது. வார்ப்பின் பிசிறை நீக்கி, ஒட்டும் பரப்பைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகச் சோப்புநீரில் கழுவி உலர்த்திய பின் அரால்டைட் போன்ற, இரண்டு பகுதிகளைக் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசையைப் பயன்படுத்துங்கள். மிக உறுதியானது 70 டிகிரியில் உருகும் ஈயப்பற்று. ஆனால் அதற்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய சால்டரிங் அயர்ன் அவசியம், ஏனெனில் சாதாரண அயர்னின் சூட்டில் வார்ப்பே உருகிவிடும். வார்ப்பில் மிஞ்சிய உலோகக் கழிவில் முதலில் பழகிக்கொள்வது நல்லது.

ஓஓ9 அளவில் 4 மி.மீ. ஓர் அடியைக் குறிப்பதால், 9 மி.மீ. தண்டவாளம் 2 அடி 3 அங்குலத்துக்கு ஈடாகிறது. டாலிலின் பாதையின் அகலம் அதுவே. வேல்ஸின் இன்னொரு குறுகிய பாதையான ஃபெஸ்டினியாக்கைச் செய்பவர்கள் 2 அடிக்குச் சற்றுக் குறைவான அதன் அகலத்தில் சிறு சமரசம் செய்துகொள்கிறார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மல்டிமீட்டர் நீங்கள் சொன்னபடியே காட்டியது. பாடியின் வலப்பக்க உட்சுவரில் ஒரு வார்ப்புப் பிசிறு சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது, இடப்பக்கத்தைத் திருகாணி இணைத்திருந்தது. பிசிறைத் தேய்த்து டேப் ஒட்டியதும் எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கூரிய வளைவில் மட்டும் சற்றே தயங்குகிறது.

பதில் 1

அப்படியானால் வளைவில் சக்கரத்தின் விளிம்பு பாடியின் அடிப்பகுதியில் உரசுகிறதா என்று பாருங்கள். மார்க்கர் மையை இம்முறை சக்கரங்களுக்கு மேலே தடவி, வளைவில் கையால் மெதுவாகத் தள்ளினால் உரசும் இடம் தெரிந்துவிடும்.