கிறவல் (சரளைக் கல்லு றோட்டு) சைக்கிள் குழு: சுவிஸின்ர கிழக்கு மூலையில ஸ்குவோல் – சாந்தா மரியா, ரெண்டு நாள்

[19:42] கஜன்: ரூபன் அண்ணை, பாதையைக் காட்டுற ஜிபிஎக்ஸ் கோப்பு வந்தது. கோடு தேசியப் பூங்காவை ஒட்டிக்கொண்டு போகுது. அங்க சைக்கிள் விடமாட்டினம் எல்லோ?

[19:49] ரூபன்: விடமாட்டினம். 1914இல தொடங்கின சுவிஸ் தேசியப் பூங்காவுக்குள்ள நடக்க மட்டும்தான் ஏலும், அதுவும் பாதையை விட்டு விலகாமல். ஓஃபன்பாஸ் பெரிய றோட்டு மட்டும் விதிவிலக்கு. நாங்கள் போறது அதுக்குப் பக்கத்தில இருக்கிற பியோஸ்ஃபேரா வால் முஸ்தாயர் (வால் எண்டா பள்ளத்தாக்கு). அது இயற்கைப் பூங்கா, வேற வகை. சனம் குடியிருக்குது, மாடு மேயுது, மேய்ச்சல் நிலத்துக்குப் போற கிறவல் றோட்டுகள் இருக்கு.

[19:51] ரூபன்: ஸ்குவோலில இருந்து ஏறேக்க வலப்பக்கம் மிங்கேர் பள்ளத்தாக்குப் பலகை வரும். அது தேசியப் பூங்கா, திரும்பக் கூடாது. சுவிஸின்ர கடைசி உள்ளூர்க் கரடியை 1904இல சுட்டது அந்தப் பள்ளத்தாக்கிலதான்.

[19:53] வாணி: முதல் நாள் எவ்வளவு தூரம் அண்ணை?

[20:02] ரூபன்: சுமார் 40 கி.மீ., ஏற்றம் 1,100 மீற்றருக்குக் கிட்ட. துண்டு துண்டாய்ச் சொல்லுறன்.

ஸ்குவோல் → ஸ்சார்ல் (1,810 மீ.): கிளெம்ஜா ஆத்தோட போற றோட்டு. கீழ தார், பிறகு கிறவல். கோடையில போஸ்ட் பஸ் ஓடும், வளைவில ஹோர்ன் கேட்டா ஒதுங்கி நில்லுங்கோ. ரெண்டு பக்கமும் உதிர்ற மலை. இரவு பெருமழை பெய்தா கல்லும் சேறும் றோட்டில இறங்கியிருக்கும், அண்டைக்கு மூடியும் விடுவினம். வெளிக்கிட முதல் சுவிஸ்டோப்போ வரைபட ஆப்பில மூடல் அடுக்கைப் போட்டுப் பாக்கிறது கட்டாயம்.

ஸ்சார்ல் → கொஸ்டைனாஸ் கணவாய் (2,251 மீ.): இதுதான் நாளின்ர சிறந்த துண்டு. தமங்கூர் காட்டைக் கடந்து ஆல்ப் அஸ்ட்ராஸ் (ஆல்ப் எண்டா மலை மேய்ச்சல் நிலம்) வரை மேய்ச்சல் றோட்டு. அதுக்குப் பிறகு கணவாய் வரை ஒற்றையடிப் பாதை, சாய்வு மெல்லியது, ஆனா ஈரமான இடங்கள் இருக்கு.

கணவாய் → லூ (1,920 மீ.) → சாந்தா மரியா (1,375 மீ.): ஆல்ப் ஷாம்பாச்சில இருந்து திரும்பக் கிறவல் றோட்டு, முழுக்க இறக்கம்.

[20:06] வாணி: தமங்கூரை ஓடித் தாண்டாமல் அரை மணித்தியாலம் ஒதுக்குவம். ஐரோப்பாவிலயே ஆக உயரத்தில தொடர்ச்சியாய் இருக்கிற «ஆர்வ» எண்ட ஊசியிலை மரக் காடு அதுதான் எண்டு சொல்லுவினம். 2,300 மீற்றர் வரை மரம் நிக்குது. செத்து விழுந்த மரத்தையும் எடுக்காமல் விட்டிருக்கினம். அந்த மர விதையைக் குளிர்காலத்துக்கெண்டு மண்ணுக்குள்ள ஒளிச்சு வைக்கிற குருவி ஒண்டு இருக்கு. அது மறந்த விதைதான் புதுக் கண்டாய் வாறது. சைக்கிளை றோட்டிலயே விட்டிட்டு நிண்டு பாக்கவேணும், வேருக்கு மேல ஏத்தக் கூடாது.

[20:07] ரூபன்: ஓம் வாணி, நேரம் இருக்கு. மணிக்கு 400 மீற்றர் ஏறினா மொத்தம் மூண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட. 9 மணிக்கு முதல் மிதிக்கத் தொடங்கினா ஒரு மணிக்குள்ள கணவாயைத் தாண்டலாம். ஜூலை, ஓகஸ்டில பின்னேர இடிமுழக்கம் சாதாரணம். காட்டுக்கு மேல வெளியில ஒதுங்க இடமில்லை.

[20:11] கஜன்: என்ர சைக்கிளில முன்னுக்கு 40 பல்லு, பின்னுக்கு 11–42. காணுமே?

[20:24] ரூபன்: கணக்குப் பாருங்கோ. 45 மில்லிமீற்றர் ரயரின்ர சுற்றளவு சுமார் 2.2 மீற்றர். 40/42 எண்டா ஒரு மிதிக்கு (மிதி ஒரு முழுச் சுத்து) 2.1 மீற்றர். நிமிசத்துக்கு 60 மிதி மிதிச்சா மணிக்கு 7.5 கி.மீ. நீங்களும் சைக்கிளும் பையும் 85 கிலோ எண்டு வைப்பம். 10 வீதச் சாய்வில கிறவல் உராய்வோட 200 வாட் வேணும், அது சமாளிக்கலாம். 15 வீதம் வந்தா 285 வாட். அது உங்களால பத்து நிமிசத்துக்கு மேல ஏலாது. மிதி 45க்கு விழும், பின் ரயர் சறுக்கும், இறங்கித் தள்ளுவீங்கள்.

36 பல்லுக்கு மாத்தினா அதே சாய்வில, அதே 60 மிதியில 260 வாட். முன்னால உள்ள வளையம் ஒண்டை மட்டும் மாத்திறதுதான் ஆக மலிஞ்ச வழி. உங்கட கிராங்கின்ர போல்ட் வட்டத்துக்குப் பொருந்துறதாய் வாங்குங்கோ. நாலு பல்லுக் குறைஞ்சா செயினில ஒரு சோடி கண்ணி கூடுதலாய் வரும். சின்னப் பல்லில போட்டுப் பாருங்கோ. தொங்கினா மட்டும் வெட்டுங்கோ.

[20:26] கஜன்: சரி அண்ணை. காத்து எவ்வளவு?

[20:33] வாணி: தம்பி, 45 ரியூப்லெஸ் (உள்ளுக்கு ரியூப் இல்லாத ரயர்), உங்கட 75 கிலோ உடம்புக்கு முன்னுக்கு 2.0 பார், பின்னுக்கு 2.2. ரியூப் போட்டிருந்தா 0.3 கூட்டுங்கோ. கூட்டாட்டி இறக்கத்தில ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில ரியூப் நசிஞ்சு பாம்புக்கடி மாதிரி ரெண்டு ஓட்டை விழும். ஓட்டை அடைக்க ரயருக்குள்ள விடுற பால் ஒரு ரயருக்கு 60 மில்லி. சில்லைக் கழட்டிக் குலுக்கிப் பாருங்கோ, சத்தம் கேக்காட்டி காய்ஞ்சு போச்சு.

[20:35] வாணி: லூவுக்கு இறங்கேக்க தண்ணி ஓட றோட்டுக்குக் குறுக்க கான் போட்டிருப்பினம். அதைச் சரிவாய்க் கடந்தா முன் ரயர் உள்ளுக்குப் போயிடும். நேராய் எடுங்கோ, கிட்ட வந்த உடன பிறேக்கை விடுங்கோ, உடம்பைப் பின்னுக்குத் தள்ளுங்கோ. ஈரமான மரச் சட்டம் எண்டா இன்னும் மோசம்.

[20:41] சிவா மாமா: பிள்ளையள், என்ர மின்சைக்கிள் 500 வாட் மணி பற்றரி. கணவாய் வரை தாங்குமோ?

[20:50] ரூபன்: தாங்கும் மாமா, ரேர்போவில (மோட்டர் ஆகக் கூட உதவுற நிலை) போகாட்டி. உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 105 கிலோ. அதை 1,100 மீற்றர் தூக்கவே 315 வாட் மணி வேணும். கிறவல் உராய்வும் மோட்டருக்குள்ள சூடாய்ப் போறதும் அதுக்கு மேல. பாதியை நீங்கள் மிதிச்சா 250–300இல முடியும். ரேர்போவில போனா 500 கணவாய்க்கே போதாமல் போகலாம். தார் துண்டில எக்கோவில (ஆகக் குறைஞ்ச உதவி) போட்டு மிச்சம் பிடியுங்கோ.

[20:52] சிவா மாமா: நன்றி அப்பன். மாட்டுக் கூட்டம் வந்தா?

[20:58] ரூபன்: கண்டோட நிக்கிற தாய்மாடுதான் கவனம் மாமா. இறங்கி, சைக்கிளை மாட்டுக்கும் உங்களுக்கும் இடையில வைச்சு, தூரமாய்ச் சுத்தி நடவுங்கோ. கண்டைத் தொடக் கூடாது. ஆட்டு மந்தையைக் காக்கிற வெள்ளை நாய் குரைச்சு வந்தா ஓடாதேங்கோ, நிண்டு மெல்லக் கதையுங்கோ. நாய் உங்களை மணந்து பாத்திட்டுத் திரும்பும். மின்வேலியைப் பிளாஸ்ரிக் பிடியால மட்டும் கழட்டி, கடந்த உடன கொளுவிடுங்கோ. நடக்கிற ஆக்களுக்கு முதலிடம், «அல்லேக்ரா» எண்டு சொல்லி மெல்லப் போங்கோ, அங்கத்தைய ரொமான்ஷ் ஆக்கள் அப்பிடித்தான் வணக்கம் சொல்லுறது.

[21:03] கஜன்: ரெண்டாம் நாள் வால் மோரா எண்டு போட்டிருக்கு. படத்தில ஒற்றையடிப் பாதை கல்லுச் சரிவுக்குக் குறுக்கால போகுதே?

[21:17] ரூபன்: அதைத்தான் தீர்மானிக்க வேணும். சாந்தா மரியாவில இருந்து வால் வாவ் வழியாய் டோஸ் ரடொண்ட் கணவாய் 2,234 மீற்றர், 860 மீற்றர் ஏற்றம். சில துண்டு நல்ல செங்குத்து. அங்கால ஆல்ப் மோரா வரை றோட்டு நல்லது, அகலப் பள்ளத்தாக்கு, கிறவல் சைக்கிளுக்கெண்டே போட்ட மாதிரி. ஆல்ப் மோரா தாண்டினா பாதை ஒடுங்கும், டொலமைற் கல்லு உதிர்ந்து கிடக்கும், ஒரு பக்கம் ஆத்துக்குச் சரிவு. அந்தக் கல்லு விளிம்பு கூர். ரயரின்ர பக்கச் சுவரை வெட்டும், அதைப் பால் அடைக்காது. பழைய ரயரில வெட்டின 5 சென்ரிமீற்றர் துண்டு ஒண்டு கொண்டு வாங்கோ, உள்ளுக்கு வைச்சு ரியூப் போட்டு ஓடலாம். சரிவுத் துண்டுகளில எல்லாரும் இறங்கி நடப்பம்.

பிறகு இத்தாலி, சான் ஜாக்கொமோ ஏரி, கன்கானோ ஏரி, வளைஞ்சு வளைஞ்சு பொர்மியோ (1,225 மீ.), ஸ்டெல்வியோ றோட்டால உம்பிறைல் கணவாய் (2,501 மீ.), திரும்பச் சாந்தா மரியா. 80 கி.மீ. சுமார், ஏற்றம் 2,200க்கு மேல. என்ர கருத்து: முழு வட்டம் வாணியும் நானும் மட்டும். மிச்ச ஆக்கள் ஆல்ப் மோரா வரை போய்த் திரும்பிறதுதான் சரி. அழகான பகுதி முழுக்க அதுக்குள்ளயே வந்திடும்.

[21:20] வாணி: இத்தாலி ஊர் லிவின்யோவால சுத்தி வரலாம் எண்டு சிலர் கேப்பினம். மூன்ற் லா ஷேரா சுரங்கத்துக்குள்ள சைக்கிள் ஓடேலாது, பஸ்ஸில ஏத்தவேணும். ஷஷௌனா கணவாய் 2,694 மீற்றர், பையோட கிறவல் சைக்கிளைத் தள்ளித்தான் ஏறவேணும். ரெண்டும் வேண்டாம்.

[21:22] தர்ஷி: அண்ணை, இத்தாலிப் பக்கம் போறதெண்டா எஃப் அனுமதி (தற்காலிகமாய் ஏற்கப்பட்ட வெளிநாட்டாக்களின்ர அட்டை) வைச்சிருக்கிற ஆக்கள்?

[21:26] ரூபன்: நல்ல காலம் கேட்டீங்கள். வால் மோராவில எல்லையில ஆக்கள் நிக்கமாட்டினம், ஒரு கல்லுத்தான். ஆனா சட்டம் சட்டந்தான். எஃப் அனுமதியோட பயண ஆவணமும் திரும்பி வாற விசாவும் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. அவை ஆல்ப் மோராவோட திரும்பட்டும். மற்ற ஆக்கள் கடவுச்சீட்டு அல்லது அடையாள அட்டை, காப்புறுதி அட்டை. அதின்ர பின்பக்கம்தான் ஐரோப்பாவுக்குச் செல்லும்.

[21:34] வாணி: பிறேக் பாருங்கோ எல்லாரும். உம்பிறைலில இருந்து 13 கி.மீ.க்குள்ள 1,120 மீற்றர் இறக்கம். 2015இல முழுக்கத் தார் போட்ட பிறகு வேகம் இன்னும் கூடும். தொடர்ந்து மெல்லப் பிடிச்சுக்கொண்டே வந்தா டிஸ்க் சூடாகி, ரெசின் பிறேக் கட்டை பளபளத்து, பிடிப்புப் போயிடும். வளைவுக்கு முதல் ரெண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடிச்சு, பிறகு முழுசாய் விடுங்கோ. டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். கட்டை 1 மில்லிமீற்றருக்குக் கீழ எண்டா இப்பவே மாத்தி, 25 கி.மீ. வேகத்தில இருபது தரம் பிடிச்சுப் பழக்குங்கோ. ஸ்டெல்வியோ பக்கச் சுரங்கங்கள் ஒடுக்கம், இருட்டு. முன் பின் லைற் இல்லாமல் வரக் கூடாது.

[21:38] ரூபன்: சாமான்: டிரெய்லியர் கொக்கி (கியர் பிடிக்கிற சின்ன அலுமினியத் துண்டு, சைக்கிளுக்குச் சைக்கிள் வேற), செயின் இணைப்பு 2, ரியூப் 2, ஓட்டை அடைக்கிற ரப்பர்ப் புழு, கைப்பம்ப். காபனீரொட்சைட் குப்பி மட்டும் நம்பாதேங்கோ, சில பால் அதில கட்டிபட்டுப் போகும். வால் மோராவில கடை எண்டு எதிர்பாக்க வேண்டாம், தலைக்கு 2 லீற்றர் தண்ணி. மாடு மேயிற இடத்துக்குக் கீழ ஓடுற தண்ணி குடிக்காதேங்கோ, ஊர்த் தொட்டியில நிரப்புங்கோ. சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். றேகா (வான்வழி மீட்பு) 1414, இத்தாலியில 112.

[21:40] தர்ஷி: ரெயினும் பஸ்ஸும் நான் பாக்கிறன். ஐ.சி. விரைவு ரெயினுக்குச் சைக்கிள் முன்பதிவு கோடையில கட்டாயம். லண்ட்குவார்ட்டில மாறி, வெரைனா சுரங்கத்தால ஸ்குவோல். திரும்பேக்க சாந்தா மரியாவில இருந்து செர்நெட்ஸ் வரை போஸ்ட் பஸ், பின்பக்கக் கொளுவியில இடம் குறைவு. எத்தினை சைக்கிள்?

[21:41] ரூபன்: அஞ்சு. மாமாவின்ர மின்சைக்கிளின்ர நிறையைக் கட்டாயம் சொல்லுங்கோ, பற்றரி கழட்டித்தான் ஏத்துவம்.

[21:43] தர்ஷி: சரி, நாளைக்குப் போட்டிடுறன். கஜன், 36 பல்லு வந்த உடன சொல்லுங்கோ.