மரக்கறி போடுகிறவர்களுக்கு உதவிக் காசு: எப்படிக் கொடுத்தால் பிரயோசனம்?

ராகலைக்காரன்:
கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் கொஞ்சம் காசு சேர்த்திருக்கிறார்கள், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்துகொண்டு மரக்கறி போடும் 14 குடும்பத்துக்குக் கொடுக்க. ஆளுக்கொரு மருந்தடிக்கும் மெஷின் வாங்கி, ஒரு கூட்டம் வைத்துக் கொடுத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்பு ஒரு நிறுவனம் பொலித்தீன் கூடாரம் போட்டுத் தந்தது, இரண்டாவது காற்றுக்காலத்திலேயே கிழிந்துவிட்டது, புது பொலித்தீன் வாங்க யார் கையிலும் காசில்லை, இப்போது அந்தக் கம்பியில் துணி காய்கிறது. இதுவும் அப்படிப் போகக் கூடாது. யோசனை சொல்லுங்கள்.

வெலிமடை அக்கா:
தம்பி, எந்த மாதத்தில் கையில் காசில்லாமல் தவிக்கிறார்கள் என்று முதலில் அவர்களிடமே கேளுங்கள். எங்களுக்கு விதைக்கிழங்கு வாங்கும் நேரம்தான் உயிர் போகும். விதையும் பசளையும் மரக்கறி வாங்கும் முதலாளியிடம் கடனுக்கு எடுப்போம், அப்புறம் விளைந்ததை அவருக்கே போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. போன முறை லீக்ஸ் மூட்டைக்குக் கழிவு என்று 4 கிலோ வெட்டினார், கடன் இருக்கும்போது எப்படி வாய் திறப்பது? மெஷின் இதற்கு என்ன செய்யும்?

கண்டியிலிருந்து:
அக்கா சொல்லும் நேரக் கணக்கு பெரிய விஷயம். மேற்குக் கென்யாவில் எஸ்தர் டஃப்லோ, கிரேமர், ராபின்சன் என்ற பொருளியலாளர்கள் மூவரும் செய்த ஆய்வு 2011இல் வந்தது. அறுவடை முடிந்த கையோடு சோள விவசாயிகளிடம் போய், இப்போதே பசளைக்குக் காசு கட்டினால் பிறகு வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம் என்றார்கள். அந்தச் சின்னச் சலுகைக்கே பசளை போட்டவர்கள் கூடினார்கள். அதையே பிந்திக் கொடுத்தபோது அவ்வளவு பலனில்லை. அங்கேயே அறுவடை நேரத்தில் கடன் கொடுத்து, சோளத்தை வைத்திருந்து விலை ஏறியதும் விற்க வைத்ததும் பலன் தந்தது, ஆனால் நம் லீக்ஸையும் கோவாவையும் அப்படி வைத்திருக்க முடியாது, அதனால் அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

ஹட்டன் டீச்சர்:
காணியையும் பாருங்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டுக்கு அவர்களிடம் உறுதி இருக்காது, தோட்ட நிர்வாகம் கேட்டால் விட வேண்டியதுதான். மண்ணில் புதைக்கிற எதையும் கொடுக்காதீர்கள். காசாகக் கொடுப்பதென்றால் வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள், கணக்குக் கொப்பி அவர்களிடம்தான் இருக்கிறது. 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடுத்து நவம்பரில் தடையை எடுத்ததே, அந்தப் போகத்தில் ஏறிய கடனை இன்னும் கட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். அவர்களை விட்டுவிடாதீர்கள்.

ராகலைக்காரன்:
நேற்றும் இன்றும் 9 வீட்டுக்குப் போனேன். மெஷின் வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு அக்கா கொப்பியை எடுத்து வந்து காட்டினார், கரட் விதை, யூரியா, லொறிக் கூலி என்று பக்கம் முழுக்க முதலாளி எழுதிய கணக்கு, கீழே 62,000 ரூபாய் பாக்கி. அவரிடம் கேட்டு, பெயரை மறைத்து, அந்தப் பக்கத்தைத்தான் படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த போகத்துக்கு விதைக்கும் முன் காசு வந்து சேர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.