"நீ யார் வீட்டுப் பிள்ளை?" – அயர்லாந்தின் அல்லிஹீஸ் போனவர்கள் சொல்லுங்கள்

கார்க்வாசி:

அயர்லாந்து வந்து ஏழு வருஷம் ஆகிறது. டப்ளின், கால்வே பற்றி எல்லாரும் எழுதியாச்சு. நான் கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பேரா தீபகற்பத்தின் நுனியில் இருக்கிற அல்லிஹீஸ் பற்றி எழுதுகிறேன். போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே போடுங்கள்.

கேஸில்டவுன்பேர் தாண்டியதும் சாலை ஒடுங்கிவிடும். எதிரே வருகிற ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவார்கள். என்மேல் ஏதோ கோபம் போல என்று முதலில் நினைத்தேன். அங்கே அதுதான் வணக்கம்.

ஊர் என்றால் ஒரே தெரு. ரோஸ், நீலம், மஞ்சள் என்று வீட்டுக்கு ஒரு வண்ணம். பின்னால் மொட்டைப் பாறை மலை, மேலே புகைபோக்கியோடு ஒரு கல் கட்டடம். மழைக்கு ஒதுங்கிய பப்பில் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டு முடித்ததும், "உன் ஆட்கள் யார்?" என்றார். அப்பா பெயர் சொன்னேன், போதவில்லை. தாத்தா என்ன தொழில் செய்தார் என்பது வரைக்கும் போய்த்தான் விட்டார். எங்கள் தெருத் திண்ணையில் "நீ யார் வீட்டுப் பிள்ளைப்பா?" என்று கேட்பார்களே, அதே குடைச்சல்!

அந்த ஊரில் அப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. பேரா முழுக்க ஓ'சல்லிவன், இல்லாவிட்டால் ஹேரிங்டன். அதனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர். அது தெரியாமல் "ஓ'சல்லிவன் வீடு எது?" என்று கேட்டால் சிரிப்பார்கள். நான் கேட்டேன், சிரித்தார்கள்.

இந்த மண்ணை ஆண்டதும் ஓ'சல்லிவன் வம்சம்தான். 1602இல் அவர்களுடைய டன்பாய் கோட்டை ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அந்த ஆண்டின் கடைசி நாள் சுமார் ஆயிரம் பேரோடு தலைவர் வடக்கே லீட்ரிம் நோக்கி நடந்தார். இரண்டு வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் 35 பேர். பெரியவர் இதைப் போன வாரம் நடந்தது போலச் சொன்னார்.

பக்ஸ்லி குடும்பம் 1812இல் இங்கே தாமிரச் சுரங்கம் தொடங்கியது. வெட்டிய தாது கப்பலேறி வேல்ஸில் ஸ்வான்ஸிக்கு உருக்கப் போகும். ஊருக்குக் கீழே பாலிடோனகன் கடற்கரை இருக்கிறதே, அந்த மணல் கடல் கொண்டுவந்ததில்லை. சுரங்கத்தில் இடித்துக் கழித்த கல்தூள் ஓடையில் இறங்கிச் சேர்ந்தது. என் பிள்ளைகள் அதில்தான் வீடு கட்டி விளையாடினார்கள்.

நைட்ட்யூட்டி அக்கா:

தம்பி, நான் அந்தப் பக்கம் ஒரு வயசான அம்மாவை வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்டேன். அவங்க இறந்தப்ப என்னை நர்ஸாக நடத்தலை, வீட்டு ஆளாகவே உட்கார வெச்சாங்க. பெட்டியைத் திறந்தபடி முன்னறையில் வெச்சிருந்தாங்க. ஊரே வரிசையில் வந்து வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "உங்க துயரத்துக்கு வருந்துறேன்" என்று அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிட்டு நகருது. அப்புறம் டீ, ஹாம் சாண்ட்விச், சிரிப்பு, பழங்கதை. துக்க வீட்டில் சிரிக்கிறாங்களேன்னு எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது. யார் இறந்தாங்கன்னு உள்ளூர் ரேடியோ வாசிக்கும், இணையத்திலும் தினம் பார்ப்பாங்க. ஒரு மாசம் கழித்து மறுபடி ஒரு பூசை. எங்க ஊர் கோயிலில் முப்பதாம் நாள் பூசை வைப்போமே, அதேதான்.

அந்த அம்மா சொன்னதுதான் மனசில் நிக்குது. அந்தக் காலத்தில் அமெரிக்கா போகிறவங்களுக்கும் இதே மாதிரி ராத்திரி முழுக்க விழித்திருப்பாங்களாம். பேரே "அமெரிக்க வேக்". வேக் என்றால் சாவு வீட்டில் விழித்திருக்கிறது. இனி பார்க்கப் போறதில்லைன்னு தெரியும், அதனால் உயிரோட இருக்கிறப்பவே துக்கம் அனுசரிச்சிருக்காங்க. அல்லிஹீஸ் சுரங்கம் 1884இல் மூடினதும் ஜனங்க மொன்டானாவில் பியூட் என்கிற தாமிர நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனாங்க. பக்கத்து ஐரீஸ் ஊரின் கோயில் பங்கில் மட்டும் 1870க்கும் 1915க்கும் நடுவில் கிளம்பின 1,700 பேரில் 1,138 பேர் பியூட்டுக்காம். "அமெரிக்காவில் நிற்காதே, நேரே பியூட்டுக்குப் போ" என்று ஒரு சொலவடையே இருக்கு.

பைக் பாண்டி:

நான் டர்ஸி தீவுக்குப் போகிற வழியில் அல்லிஹீஸைப் பார்த்தவன். தீவுக்குக் கடல்மேல் கேபிள் கார், 1969இலிருந்து ஓடுகிறது. முன்பெல்லாம் சுற்றுலாக்காரனைவிட ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான் முதலிடமாம். நான் போனபோது பெட்டிக்குள் பைபிளின் 91ஆம் சங்கீதமும் ஒரு புட்டி புனித நீரும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

ஊருக்குப் பக்கத்திலேயே லிர் மன்னனின் பிள்ளைகள் அடங்கிய இடம் என்று சில பெரிய கற்களைக் காட்டுகிறார்கள். சித்தி சாபத்தால் 900 வருஷம் அன்னமாக அலைந்த பிள்ளைகள். கல்மேல் காசு வைத்திருக்கிறார்கள். நானும் வைத்தேன்.

சாம்பியன் ரீஃப் பேரன்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். நானும் அல்லிஹீஸ் போனவன்தான். எங்கள் குடும்பம் வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. தாத்தா, அவர் அப்பா, இருவரும் சுரங்கத்தில்.

மலைமேல் கார்க்வாசி பார்த்த கல் கட்டடம் 1862இல் கட்டியது. அதற்குள் 'மேன் எஞ்சின்' இருந்தது. நீராவி எஞ்சின் நீளமான ஒரு தண்டை மேலும் கீழுமாக ஆட்டும். தண்டில் இடைவெளி விட்டுப் படிகள். ஒரு படியில் நின்றால் அது கொஞ்சம் இறக்கிவிடும். சட்டென்று சுவரோரத் தட்டுக்கு மாறணும், தண்டு ஏறி வந்ததும் அடுத்த படிக்குக் கால் வைக்கணும். இப்படியே அடி வரைக்கும். கால் தப்பினால் முடிந்தது. அதற்கு முன்னால் ஏணிதான், நாள் முழுக்க உடைத்த உடம்போடு ஏணி ஏறி வீட்டுக்கு வரணும்.

வேலை தெரிந்தவர்கள் என்று இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து அல்லிஹீஸுக்கு ஆட்களைக் கூட்டி வந்தார்கள். அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனியாக ஒரு மெதடிஸ்ட் கோயில். ஐரிஷ் கூலிகளுக்குக் குடிசை. மேற்பார்வையாளருக்குப் பெயர் 'கேப்டன்'. படிக்கப் படிக்க எனக்கு வியர்த்தது. 1880இலிருந்து கோலாரை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியும் கார்ன்வால்காரர்களைத்தான் கொண்டுவந்தது. அங்கேயும் பங்களா அவர்களுக்கு, மூங்கில் தட்டி லைன் வீடு நமக்கு. தாத்தா வாயிலிருந்தும் 'கேப்டன்' என்ற சொல்லைத்தான் கேட்டிருக்கிறேன். 2001இல் அதையும் மூடிவிட்டார்கள். பெங்களூருக்கு விடிகாலை ரயில் ஏறுகிறவர்கள்தான் இன்றைக்கு எங்கள் ஊர்.

எங்கள் கழிவு மண் கடலுக்குப் போகவில்லை. சயனைடு மலையாக அங்கேயே நிற்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வரும். பாலிடோனகன் கடற்கரையில் அந்த மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி என்ன என்று கேட்டாள், சொல்லத் தெரியவில்லை.

அந்த மெதடிஸ்ட் கோயில்தான் 2007இலிருந்து சுரங்க அருங்காட்சியகம். உள்ளே இருந்த அம்மா நான் ரொம்ப நேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டார், "உன் ஆட்கள் யார்?" சொன்னேன். பார்வையாளர் புத்தகத்தைத் தள்ளி, ஊர் மட்டும் போதாது, சுரங்கத்தின் பெயரையும் எழுது என்றார். எனக்கு மேல் வரியில் ஒரு ஹேரிங்டன், ஊர் பியூட், மொன்டானா.

கார்க்வாசி:

அண்ணா, அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன். அந்தப் பெரியவரை நீங்கள் பார்க்கணும். தாத்தா கதையை எப்படியும் கறந்துவிடுவார்.